ஓசை ஒன்று, எழுத்து வேறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். இப்போது அவருக்கே கல்லூரி போகிற மகன் இருக்கிறான். நம் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறார். புதிதாக அச்சடிக்கப் போகிற விலைப்பட்டியலின் அட்டை அது. "டீச்சர், இங்கிலீஷ் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். படமெல்லாம் அழகாக இருந்தது. ஆனால் ஸ்டோன்வேர் என்ற சொல்லில் பாத்திரம் பண்டத்தைக் குறிக்கிற 'வேர்' வரவேண்டிய இடத்தில், உடுத்துகிற 'வேர்' உட்கார்ந்திருந்தது. கல்லில் நெய்த சட்டை விற்கிறார் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார்! அவரைக் குறை சொல்லவும் முடியாது. குழாய், கழிப்பறைச் சாமான் விற்கிற கடைகளின் பலகையை ஊர் ஊராகப் பாருங்கள். பாதிக்கு மேல் உடுத்துகிற வேர்தான்.

திருத்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ரெண்டுக்கும் ஒரே சத்தம்தானே டீச்சர், எதுக்கு ரெண்டு எழுத்து வச்சிருக்கான்?"

இந்தக் கேள்வியை 30 வருடத்துக்கு மேல் வகுப்பறையில் கேட்டிருக்கிறேன். என்னிடம் இருந்த ஒரே பதில், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பது. நான் தமிழ் வழியில் படித்து, ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு, நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கிய புத்தகங்களையும் அகராதிகளையும் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தபோதுதான் அதற்குப் பதில் உண்டு என்றே தெரிந்தது. பதில் முழுக்க முழுக்கச் சரித்திரம். அந்தச் சரித்திரத்துக்குள் நான் தீர்க்காமல் விட்ட ஒரு கடனும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் வைத்திருக்கிறேன். ஆகவே ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அப்படி எழுதும்போது வேர், வேர், வேர் என்று பாத்திரமும் உடுப்பும் 'எங்கே' என்ற கேள்வியும் ஒன்றாகிவிடுகின்றன. மரத்தின் வேரும் கூடச் சேர்ந்துகொள்கிறது! தமிழ் எழுத்து காதைப் பின்பற்றுகிற எழுத்து. ஆங்கில எழுத்து அப்படி இல்லை. அது நினைவைப் பின்பற்றுகிறது.

இரவைக் குறிக்கும் நைட்டையும், குதிரைவீரனைக் குறிக்கும் நைட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீரனுக்கு முன்னால் ஒரு 'கே' நிற்கிறது. சும்மா நிற்கிற அந்தக் 'கே'யைப் பார்த்துக் கோபப்படாத பிள்ளையே என் வகுப்பில் இருந்ததில்லை. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1400இல் இறந்தார். அவர் காலத்தில் அந்தக் 'கே' ஒலித்தது. நடுவில் இருக்கும் 'ஜி ஹெச்' தொண்டையில் உரசிக்கொண்டு வந்தது. வீரன் ஏறக்குறைய 'க்னிஹ்ட்', இரவு 'நிஹ்ட்'. இரண்டும் வேறு வேறு ஓசை, யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்துக்குப் பங்காளி மொழியான ஜெர்மனில் இன்றும் இப்படிச் சொல் தொடக்கத்தில் வரும் 'கே'யை விழுங்காமல் சொல்கிறார்கள்.

பிறகு 1476இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். இங்கிலாந்தில் அதுதான் முதல் அச்சுக்கூடம். அச்சு வந்தால் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோகும். நேரம் பாருங்கள், எழுத்து உறையத் தொடங்கிய அதே காலத்தில்தான் ஆங்கிலேயர்களின் வாய் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. 'கே' விழுந்தது, 'ஜி ஹெச்' மௌனமானது, எழுதுவதைக் குறிக்கும் ரைட்டின் முன்னால் இருந்த 'டபிள்யூ'வும் ஒலிக்காமல் போனது. வாய் எங்கேயோ போய்விட்டது. எழுத்து பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

நம் ஊர்க் கதை ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது. "ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுன மாதிரி" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அது நம் மண்ணில் பிறந்த பேச்சு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். பழைய ஆற்றில் போட்ட ஓசையை நாம் இன்றைய குளத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடலைக் குறிக்கும் 'ஸீ', பார்ப்பதைக் குறிக்கும் 'ஸீ' இரண்டும் முன்பு ஒன்றாக ஒலிக்கவில்லை. கடல் 'ஸே' மாதிரி இருந்தது. டீ என்று நாம் குடிப்பதும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'டே' தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அலெக்ஸாண்டர் போப் என்ற கவிஞர், டீயையும் கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஒபே'யையும் இயைபாகப் போட்டிருக்கிறார். இன்றைய உச்சரிப்பில் அது இயைபே இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நாம் இன்னும் 'தேயிலை' என்கிறோம், இலங்கைத் தமிழர்கள் 'தேத்தண்ணி' என்கிறார்கள். சீனக் கடற்கரையில் இருந்து கப்பல் ஏறிய பழைய 'தே' நம் வாயில் பத்திரமாக இருக்கிறது. ஆங்கிலேயர்கள்தான் அதைத் தொலைத்துவிட்டார்கள்.

ஆங்கிலேயர்களை மட்டும் கிண்டல் செய்யாதீர்கள். நம் வீட்டிலும் இதுவே நடந்திருக்கிறது. ர, ற இரண்டையும் நம் பக்கத்தில் யாராவது வேறுபடுத்திச் சொல்கிறோமா? அடுப்புக் கரியும் ஆட்டுக் கறியும் காதில் ஒன்றுதான். அரம், அறம். இரை, இறை. தொல்காப்பியர் பிறப்பியலில் ர-வுக்கு ஓர் இடம், ற-வுக்கு வேறோர் இடம் என்று நாக்கு போகும் வழியைத் தனித்தனியாகச் சொல்கிறார். அப்படியானால் அன்று காதுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. குமரி மாவட்டத்துக்காரர்கள் பேசும்போது கவனியுங்கள், இன்றும் தெரியும். மலையாளத்திலும் உண்டு. நம் வாய் மறந்ததை நம் எழுத்து வைத்திருக்கிறது. சின்ன ர-வா பெரிய ற-வா என்று தமிழ்ப் பாடத்தில் நீங்கள் பட்ட பாடும், ஆங்கிலப் பாடத்தில் பட்ட பாடும் ஒரே பாடுதான். வேறு வேறு பீரியடில் பட்டதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எல்லாச் சோடிகளும் ஒரே வழியாக வந்து சேரவில்லை. நம் ஜங்ஷனில் சேலம் வண்டியும் கடலூர் வண்டியும் வந்து சேருவதுபோல, எங்கிருந்தோ வந்த இரண்டு சொற்கள் ஒரே மேடையில் நிற்பது ஒரு வகை. நம் பட்டறைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்கிற 'மோல்டு' இருக்கிறதே, அந்த அச்சு லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பழைய ரொட்டியில் படர்கிற பூஞ்சையும் மோல்டுதான். அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. இங்கே எழுத்துகூட ஒன்றாகிவிட்டது.

வெற்றிலையைப் பாருங்கள். மலையாளக் கரையில் 'வெற்றில' என்று கேட்ட போர்ச்சுகீசியர்கள் வாயில் அது 'பெட்டெல்' ஆகி, ஆங்கிலத்தில் 'பீட்டல்' ஆனது. அங்கே ஏற்கெனவே வண்டுக்கு ஒரு 'பீட்டல்' இருந்தது. ஆக ஆங்கிலத்தில் காதால் மட்டும் கேட்டால், தாம்பூலத் தட்டில் இருப்பது வண்டா இலையா என்று தெரியாது. நம் காசும் அங்கே போயிருக்கிறது. பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கம்பெனி காலத்து மதராஸில் 'கேஷ்' என்றே ஒரு நாணயம் இருந்தது. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் 'கேஷ்' நம் தமிழ்க் 'காசு', போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும், யூல் என்பவரும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இதைப்பற்றிப் படித்தபோது, எழுந்துபோய் என் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்கு நேர் எதிராக, ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததும் உண்டு. பூவைக் குறிக்கும் 'ஃப்ளவர்', மாவைக் குறிக்கும் 'ஃப்ளவர்' இரண்டும் ஒரே சொல். கோதுமையின் பூப்போன்ற பகுதி, அதாவது சிறந்த பகுதி, மாவு. டாக்டர் ஜான்சன் 1755இல் பெரிய அகராதி போட்டபோதுகூட இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்கவில்லை. பின்னால்தான் எழுத்து பிரிந்து நிலைத்தது. எழுதுபொருள் கடைப் பலகையில் 'இ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுவைத்திருப்பார்களே, அதுவும் இந்த வகைதான். ஊர் ஊராகச் சுற்றாமல் ஓர் இடத்தில் நிலையாகக் கடை போட்டவன் 'ஸ்டேஷனர்'. அவன் விற்றது ஸ்டேஷனரி. 'நகராமல் நிற்கிற' என்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கும் அதே வேர்தான். (மறுபடியும் வேர்!) பலகை எழுதியவர் செய்தது எழுத்துப்பிழைதான். ஆனால் உறவுமுறை தெரியாத பிழை என்று சொல்ல முடியாது.

இனி அந்தக் கடனுக்கு வருகிறேன்.

தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து கடலூர் மாவட்டம் ஆனது 1993இல். அதற்கு ஒரு வருடம் முன்னேயோ பின்னேயோ இருக்கும். எட்டாம் வகுப்பில் "என் தந்தை" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன், ஆங்கிலத்தில். அந்த வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் பீங்கான் வேலைக்குப் போவார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இங்கே வந்து ஃப்யூஸ் கட்டையாகவும் பொம்மையாகவும் ஊறுகாய் ஜாடியாகவும் மாறுவது நம் ஊருக்குச் சோறு போட்ட விஷயம். நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு பையன், பெயர் சொல்ல மாட்டேன், கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. அவன் அப்பா சூளையில் வேலை பார்த்தார். சூளைக்கு ஆங்கிலத்தில் 'கில்ன்'. அவன் கடைசி 'என்'னை விட்டுவிட்டு 'எல்'லை இரண்டாகப் போட்டு எழுதியிருந்தான். அதாவது கொல்லுவதைக் குறிக்கும் 'கில்'. "மை ஃபாதர் வொர்க்ஸ் இன் எ கில். ஹி கோஸ் அட் நைட்." (இரவுக்கு 'கே' போடாமல் சரியாக எழுதியிருந்தான் என்பதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.)

நான் என்ன செய்திருக்கவேண்டும்? சிவப்பு மையில் ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் போயிருக்கவேண்டும். செய்யவில்லை. சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உங்க அப்பா ராத்திரி ராத்திரி கொலை பண்ற எடத்துக்கா போறாரு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் எழுந்து நின்று, "எங்கப்பா அப்பிடித்தான் டீச்சர் சொல்லும். கில்லுன்னுதான் சொல்லும்" என்றான்.

"உங்க அப்பா சொன்னா இங்கிலீஷ் ஆயிடுமா? உக்காரு."

அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் பையன்கள் அவனைக் 'கொலைகாரன்' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியும். இரண்டு முறை அதட்டினேன், அதோடு சரி. அவன் அதற்கு முன் கை தூக்கிப் பதில் சொல்கிற பிள்ளை. பிறகு தூக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் சிரித்ததால்தான் நின்றான் என்று சொன்னால் அது எனக்கு நானே பெரிய ஆள் வேடம் போட்டுக்கொள்வது. வீட்டில் வேறு கஷ்டங்கள் இருந்தன. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவனைப் பிடித்து நிறுத்த ஒரு கயிறு இருந்தது, அதை அறுத்த கை என்னுடையது.

இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஓய்வுக் காலத்தில் ஒரு மத்தியானம், 'கில்ன்' என்ற சொல்லின் வரலாறு படிக்க நேர்ந்தது. சமையலறையைக் குறிக்கும் லத்தீன் 'குலீனா'விலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்துக்குள் வந்து, ஒரு கட்டத்தில் கடைசி 'என்' ஒலிக்காமல் போயிருக்கிறது. எழுத்தில் 'என்' இருக்கும், வாயில் 'கில்' மட்டும்தான். நூற்றாண்டுக் கணக்கில் சூளைக்காரர்களும் செங்கல் அறுப்பவர்களும் படித்தவர்களும் 'கில்' என்றே சொல்லியிருக்கிறார்கள். பழைய அகராதிகள் அதைத்தான் சரியான உச்சரிப்பு என்று தருகின்றன. எழுத்தைப் பார்த்துப் பார்த்து 'என்'னைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் பின்னால் பரவியது. அமெரிக்க அகராதி ஒன்று இன்றைக்கும் 'கில்ன்', 'கில்' இரண்டையும் தருகிறது.

இன்னும் இருக்கிறது. அரைவை ஆலையைக் குறிக்கும் 'மில்' இருக்கிறதே, அதற்கும் முன்பு கடைசியில் ஓர் 'என்' இருந்தது, 'மில்ன்' என்று. வாயில் விழுந்ததும் எழுத்திலிருந்தும் அதைத் தூக்கிவிட்டு 'எல்'லை இரண்டாகப் போட்டுக்கொண்டார்கள். 'மில்ன்' என்ற குடும்பப் பெயரில் மட்டும் அந்த 'என்' ஒளிந்துகொண்டு இருக்கிறது. ஆக, மில்லுக்கு ஆங்கிலேயர்கள் செய்ததைத்தான் என் வகுப்புப் பையன் கில்லுக்குச் செய்தான். ஓர் 'என்'னை எடுத்தான், ஓர் 'எல்'லைப் போட்டான். அவன் அப்பாவின் உச்சரிப்பு ஆங்கிலச் சூளைக்காரர்களின் உச்சரிப்பு. அவர்களிடமிருந்து கைமாறி வந்ததா, அல்லது தமிழ் வாய்க்கு 'ல்ன்' வராததால் தானாக விழுந்ததா, அது வேறு. நான் கேலி செய்த ஓசை தப்பான ஓசை இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சொற்களைச் சோடி சோடியாகக் கரும்பலகையில் எழுதி நடத்தாதீர்கள். நான் அப்படித்தான் நடத்தினேன். அதுவரை குழம்பாத பிள்ளையும் அன்று குழம்பிப் போகும். சோடியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் சொந்தக்காரர்களோடு உட்கார வையுங்கள். இங்கே, அங்கே, எங்கே என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுங்கள், மூன்றுக்குள்ளும் 'ஹியர்' என்ற எழுத்துக்கூட்டல் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 'அவர்களுடைய' என்பதைக் குறிக்கும் 'தேர்' வேறு குடும்பம், கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது. அதை 'தே', 'தெம்' என்ற அதன் உடன்பிறப்புகளோடு வையுங்கள். பாத்திர 'வேர்' கிடங்கைக் குறிக்கும் வேர்ஹவுஸோடு போகட்டும். கேட்பதைக் குறிக்கும் 'ஹியர்' உள்ளே காதைக் குறிக்கும் 'இயர்' இருக்கிறது, அது தானாகவே மனதில் நிற்கும். சொற்களுக்கு உள்ளே ஒலிக்காமல் நிற்கிற எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டால், "முன்பு அது பேசிக்கொண்டிருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். எல்லாச் சொல்லுக்கும் அது பொருந்தாது. முழுமையைக் குறிக்கும் 'ஹோல்' முன்னால் இருக்கிற 'டபிள்யூ' அந்த எழுத்துக்கூட்டலுக்குச் சும்மா வந்து ஒட்டிக்கொண்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி உனக்கு, தம்பி. உனக்கு இப்போது 40க்கு மேல் ஆகியிருக்கும். நீ இந்தப் பக்கம் வருவாயா, உன்னோடு படித்த யாராவது உனக்குக் காட்டுவார்களா, தெரியாது. உன் கட்டுரைக்குப் போட்ட மதிப்பெண்ணை நான் மாற்றப் போவதில்லை. எழுத்துப்பிழை எழுத்துப்பிழைதான், சூளைக்கு 'என்' வேண்டும். ஆனால் "உங்க அப்பா சொன்னா இங்கிலீஷ் ஆயிடுமா" என்று கேட்டேனே, அதற்கு இப்போது பதில் தெரியும். ஆகும். ஆகியிருந்தது. அன்று சிரித்ததற்கு உன்னிடமும், அப்பா இருந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் வீடு மாறவில்லை. அதே தெரு, அதே பச்சை கேட். சாயங்காலம் எப்போதும் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்